மூடும்போது மறைந்த அளவுகள்

அத்தியாயம் 7

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் வேண்டாமா? இன்றைக்கு ஒரு திருட்டுக் கதை சொல்கிறேன். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. காணாமல் போனது ஒன்பது ஆண்களின் இடுப்பு. பயப்படாதீர்கள், இடுப்பு அவரவரிடம் பத்திரமாகத்தான் இருந்தது. இடுப்பின் அளவுதான் போய்விட்டது. முந்தின ஆறு அத்தியாயங்களைப் படிக்காதவர்களும் தாராளமாக உட்காரலாம். நம் சல்லடைக்கு அத்தியாயத்துக்கு ஒரு வழக்கு, அந்தந்த அத்தியாயத்திலேயே தீர்ந்துவிடும்.

சல்லடை என்பது தெரு வைத்த பட்டப்பெயர். யார் எதைக் கொட்டினாலும் ஆட்டி ஆட்டிப் பார்த்து, தூசியைக் கீழே விட்டுக் கல்லை மேலே நிறுத்திவிடுவாள். அவளுக்குத் துணை அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. துப்பறியும்போது நாத்தனாருக்குப் பாதி வேலை குறிப்பெடுப்பது, மீதி வேலை அண்ணியின் காலை வாருவது. இரண்டில் எதை நன்றாகச் செய்வாள் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு இருவரும் தையல் கடைக்குள் நுழைந்தார்கள். நாத்தனாரின் கண்ணில் முதலில் பட்டது சுவரோரமாக நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேர். மடியில் ட்ரம்பெட், டிரம், கிளாரினெட். முகத்தில் ஒருவருக்கும் சுருதியே இல்லை.

"யார் செத்தாங்க அண்ணி?" என்று காதோடு கேட்டாள்.

"வாயைக் கழுவு."

வெட்டு மேசைக்குப் பின்னாலிருந்து கட்டிங் மாஸ்டர் வந்தார். கடை அவருடையதுதான். கழுத்தில் இஞ்ச் டேப், காதில் நீலச் சாக்கட்டி. மேசைமேல் கத்தரிக்கோல்கள் உயரவாரியாக அணிவகுத்து நின்றன. வந்தவர் வணக்கம் சொல்வதற்கு முன்னால் நாத்தனாரின் தோளில் மடங்கியிருந்த கைப்பை வாரைப் பிடித்து நேராக்கினார்.

"மன்னிக்கணும்மா. கோணலாவோ தலைகீழாவோ எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது."

"எங்க அண்ணன் மூக்கு ஒரு பக்கமா வளைஞ்சிருக்கும். அவரைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"என் வீட்டுக்காரர் மூக்கை விடு," என்ற சல்லடை மாஸ்டரைப் பார்த்தாள். "விஷயத்தைச் சொல்லுங்க."

"விஷயம் முடிஞ்சுபோச்சுங்க. திருடியைக் கண்டுபிடிச்சாச்சு. அஞ்சு மணிக்குக் கடை மூடறப்போ அவ கணக்கையும் சேர்த்து முடிச்சு அனுப்பிடுவேன். நீங்க ஒரு டீ குடிச்சுட்டுப் போகலாம்."

"அப்போ எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நான் எங்க கூப்பிட்டேன்? பெரியம்மா கூப்பிட்டிருக்காங்க."

மூலையில் பொத்தான் டப்பாவுடன் உட்கார்ந்திருந்த பொத்தான் பெரியம்மா தலையை ஆட்டினாள். முப்பது வருடமாக அந்தக் கடையின் பொத்தான்களெல்லாம் அவள் தைத்தவை. ஒரு பொத்தானுக்கும் அடுத்த பொத்தானுக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள்.

"அந்தப் பொண்ணு திருடலைம்மா," என்றாள். "எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதே. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

அந்தப் பொண்ணு என்பது இஸ்திரி அக்கா. பதினொரு வருடமாக அங்கே துணி தேய்க்கிறவள். நீராவி இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். அவள் சம்பாத்தியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதைவிட, ஒன்பது அந்நிய ஆண்கள் முன்னால் நேற்று வாங்கின திட்டு அவள் காதில் இன்னும் சூடு ஆறவில்லை.

மாஸ்டர் கதையைச் சொன்னார். கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அவருடைய அக்கா மகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் ஒரு அளவு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். பகலெல்லாம் எடுக்கிற அளவுகளை அன்றன்றைய சீட்டு ஒன்றில் தட்டி வைக்க வேண்டும். சாயங்காலம் புரோகிராமை மூடினால், போகிற போக்கில் அதுவே சீட்டில் இருப்பதைப் பெரிய புத்தகத்தில் ஏற்றி, சீட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போகும். பெரிய புத்தகமும் கம்ப்யூட்டருக்குள்ளேதான். இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை.

"போன திங்கக்கிழமை இந்த பேண்ட் வாத்தியக் குழுவுக்கு அளவெடுத்தேன். ஒன்பது யூனிபார்ம். செவ்வாய் காலையில பார்த்தா புத்தகத்துல ஒண்ணுமில்லை, சீட்டும் காலி. மறுபடி வரச்சொல்லி செவ்வாய்க்கிழமை எடுத்தேன். புதன் காலையில அதுவும் போச்சு. வியாழக்கிழமை மூணாவது தடவை. அதுவும் போச்சு! நேத்து ஒன்பது பேரும் சண்டைக்கு வந்துட்டாங்க!"

பெஞ்சிலிருந்து பேண்ட் தலைவர் எழுந்தார். ட்ரம்பெட் ஊதி ஊதிக் கன்னம் இரண்டும் பந்துபோல இருக்கும் மனிதர்.

"மூணு தடவைங்க! எங்க கிளாரினெட்காரருக்கு டேப் பட்டாலே கூச்சம். மூணு நாளும் சிரிச்சுச் சிரிச்சு விலா பிடிச்சுப்போச்சு. எங்க டிரம்காரர் இடுப்பு சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எதை எழுதறதுன்னு தினமும் சண்டை. நாலாவது தடவை டேப்பை எடுத்தா நாங்க வேற கடை பார்த்துக்கறோம்."

"ஒண்ணு ஒண்ணாக் கேக்கறேன்," என்றாள் சல்லடை. "புதனும் வெள்ளியும் எடுத்த அளவு?"

மாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "அது இருக்கு. ஒரு வக்கீலோட கோட்டு, ரெட்டைப் பசங்க சட்டை. அதெல்லாம் புத்தகத்துல ஒழுங்கா ஏறியிருக்கு."

"திருடி புதனும் வெள்ளியும் விரதமா?" என்றாள் நாத்தனார்.

"கிண்டல் வேண்டாம்மா. அவ பண்றதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அதோட பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்துல இஸ்திரிப் பெட்டியைச் சொருகறா! திரை பட்டுன்னு அணைஞ்சுபோச்சு. அப்படி நடுவுல கொன்னா அளவு எங்க தங்கும்? திருட்டோ அலட்சியமோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எல்லோரும் இஸ்திரி அக்காவைப் பார்த்தார்கள்.

"பிடுங்கினது உண்மைதாங்க," என்றாள் அவள். குரல் உடையவில்லை. "இந்த நீராவிப் பெட்டி பிளக் தடிமன். அந்த ஒரே பாயிண்ட்லதான் நுழையும். கம்ப்யூட்டரும் அதுலதான். பாயிண்ட் இன்னொண்ணு போடுங்கன்னு ரெண்டு வருஷமாச் சொல்றேன். மாஸ்டர் வெட்டற மும்முரத்துல இருப்பார், கூப்பிட்டாக் காதுல விழாது. சட்டைக்குச் சாதாப் பெட்டி போதும், அவசரமாக் கோட்டு தேய்க்கணும்னா இதைப் பிடுங்கித்தான் ஆகணும். அதனாலதான் அளவு போச்சுன்னா, தப்பு என்னுதுதான். நான் போறேன்."

குற்றவாளி கூண்டிலேயே ஒத்துக்கொண்டுவிட்டாள். இனி அண்ணி எதைச் சலிப்பாள்?

அண்ணியோ கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றுகொண்டாள். திரையின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அக்கா மகளின் கையெழுத்து.

போகும்போது செய்ய வேண்டியவை:
1. சீட்டைத் துடை
2. சீட்டைப் புத்தகத்தில் ஏற்று
3. மணி அடி

எண்கள்மேல் நீலத்தில் ஏதோ கீறல். நாத்தனார் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டாள்: நீலக் கீறல், ஒன்று.

"நல்ல புத்திசாலிப் பொண்ணுங்க," என்றார் மாஸ்டர் பின்னாலிருந்து. "ஆனா பாருங்க, அவசரத்துல எழுதியிருக்கா. யாராவது துடைச்சுட்டு அப்புறம் எழுதுவாங்களா?"

"மாட்டாங்க," என்றாள் நாத்தனார்.

"அதான்."

சல்லடை விசைப்பலகையில் ஒரு விரலை ஓட்டினாள். விரல் நுனியைப் பார்த்தாள். புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு பொத்தான் பெரியம்மாவுக்கு எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, சாயங்காலம் கம்ப்யூட்டரை மூடறப்போ நீங்க இங்கதான் இருப்பீங்களா?"

"வேற எங்க போவேன்? தூங்கிட்டு இருப்பேன்."

"அப்போ ஒண்ணும் பார்த்திருக்கமாட்டீங்க."

"பார்க்கமாட்டேன், கேப்பேன். அது போகும்போது டிங்குனு ஒரு மணி அடிக்கும். அதுதான் எனக்கு அலாரம். மணி அடிச்சதும் கண்ணு முழிப்பேன். சிந்தின பொத்தானைப் பொறுக்கி டப்பாவுல போட்டு, மூடியைத் திருகி, மூக்குக்கண்ணாடியைக் கழட்டறதுக்கும் திரை அணையறதுக்கும் சரியா இருக்கும். ஆனா இந்த வாரம் அது கெட்டுப்போச்சு."

"எது?"

"என்னமோ. மணி அடிக்குது, கண்ணைத் திறக்கறேன், அதுக்குள்ள இருட்டு. பொத்தானைத் தரையில தடவிப் பொறுக்க வேண்டியிருக்கு. வயசாச்சுல்ல, நான்தான் மெதுவாயிட்டேன் போலிருக்கு."

நாத்தனார் பரிதாபத்தோடு எழுதிக்கொண்டாள்: பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது. சல்லடை அந்த வரியை எட்டிப் பார்த்தாள்.

"அடிச்சுட்டு வேற எழுது. வயசாகலை. மணி இடம் மாறியிருக்கு."

"மணிக்குக் காலா இருக்கு அண்ணி?"

"அதான் நானும் யோசிக்கறேன். நீ போய் டெலிவரி நோட்டை எடு. இந்த வாரம் நீராவியில தேய்ச்ச கோட்டெல்லாம் எந்தெந்த நாள்னு பாரு."

நோட்டு ஆணியில் தொங்கியது. நாத்தனார் பக்கத்தைப் புரட்டினாள். திங்கள்: சட்டைகள். செவ்வாய்: சட்டைகள், ஒரு பாவாடை. புதன்: கோட்டு நான்கு. வியாழன்: சட்டைகள். வெள்ளி: கோட்டு ஆறு. அவளுடைய விரல் புதனில் நின்றது. வெள்ளிக்குப் போனது. மறுபடி புதனுக்கு வந்தது.

"அண்ணி. தப்பான நாள்ல தேய்ச்சிருக்கா."

"சத்தம் போட்டுச் சொல்லாதே."

"அவ பிளக்கைப் பிடுங்கின நாள் புதனும் வெள்ளியும். அளவு போனது திங்கள், செவ்வாய், வியாழன். அப்படின்னா..."

"அப்படின்னா உனக்கும் மூளை இருக்கு. வாயை மட்டும் அஞ்சு மணி வரைக்கும் பூட்டி வை."

கண்ணுகளா, நாத்தனாரின் வாயை இரண்டு மணி நேரம் பூட்டுவது என்பது லேசான காரியமா? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிளாரினெட்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் இவளைப் பார்த்தாலே கூச்சப்பட்டுச் சிரித்தார்.

சல்லடை நடுக்கடையில் நின்று கையைத் தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க. நாலாவது தடவையா ஒன்பது பேருக்கும் இப்போ அளவெடுக்கப் போறோம்."

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். டிரம் உருண்டு மேசைக்கடியில் போனது.

"இந்தத் தடவையும் அளவு தொலைஞ்சா, ஒன்பது யூனிபார்மையும் நானே என் கையால தைச்சுத் தர்றேன்."

"ஒத்துக்காதீங்க," என்றாள் நாத்தனார் பேண்ட் தலைவரிடம். "அண்ணிக்கு ஊசியில நூல் கோக்கவே நான் வேணும்."

தலைவர் சல்லடையின் முகத்தைப் பார்த்தார். பிறகு இஸ்திரி அக்காவைப் பார்த்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை, கையைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நின்றார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். கிளாரினெட்காரர் சிரித்த சிரிப்பில் மாஸ்டருக்கு டேப் இரண்டு முறை நழுவியது. டிரம்காரரின் இடுப்புக்குச் சாப்பாட்டுக்குப் பின்னால் உள்ள அளவே செல்லும் என்று ஒருமனதாக முடிவானது. கடைசி அளவைச் சீட்டில் தட்டி முடித்தபோது கடிகாரத்தில் ஐந்தாக இரண்டு நிமிடம்.

மாஸ்டர் கம்ப்யூட்டரை மூடக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றாள் சல்லடை. "இஸ்திரி அக்கா, வாங்க. பிளக்கைப் பிடுங்குங்க."

கடையில் ஊசி விழுந்தால் கேட்கும். உண்மையிலேயே ஒரு ஊசி விழுந்தது, பொத்தான் பெரியம்மா விழித்துக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றீங்க?" மாஸ்டர் அலறினார். "ஒன்பது பேரோட அளவு உள்ள இருக்கு!"

"நான் மாட்டேங்க," என்றாள் இஸ்திரி அக்கா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இதுவரைக்கும் பண்ணதே போதும். இவங்க வயித்தெரிச்சலை இன்னொரு தடவை கொட்டிக்க என்னால ஆகாது."

சல்லடை அவள் பக்கத்தில் போனாள். குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் நாத்தனாருக்குக் கேட்டது. "பதினொரு வருஷத்துல நீங்க ஒரு துணியாவது கருக்கியிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அந்தக் கையை நான் நம்பறேன். பிடுங்குங்க."

இஸ்திரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைப் பிடித்து இழுத்தாள். திரை பட்டென்று கருத்தது. மணி அடிக்கவில்லை. பேண்ட் தலைவரின் கன்னங்கள் காற்றுப்போன மாதிரி வற்றின. மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துணிக் கத்தையின்மேல் சாய்ந்தார்.

"திரும்பச் சொருகுங்க. மாஸ்டர், எழுந்து வந்து புரோகிராமைத் திறங்க."

மாஸ்டர் திறந்தார். திரையில் ஒரு வரி வந்தது: முந்தின சீட்டில் மிச்சம் இருந்தது, புத்தகத்தில் ஏற்றியாகிவிட்டது. அதன் கீழே ஒன்பது வரி. ட்ரம்பெட், கிளாரினெட், டிரம், டிரம்காரரின் சாப்பாட்டுக்குப் பின்னான இடுப்பு வரைக்கும், ஒரு அங்குலம் குறையாமல்.

"இருக்கு!" என்று கத்தினார் மாஸ்டர்.

"இருக்கு!" என்று கத்தியது பெஞ்சு. யாரோ ட்ரம்பெட்டில் ஒரு ஊது ஊதிவிட்டார்கள்.

இஸ்திரி அக்கா கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள்.

நாத்தனாரின் பூட்டு தெறித்தது. "இவங்க பிடுங்கின நாள்லதான் அளவு பிழைச்சிருக்கு! புதன், வெள்ளி! நீங்க ஒழுங்கா மூடின நாள்லதான் மாஸ்டர் எல்லாம் போயிருக்கு!"

"நானா? நான் முறையா மூடினேன்!"

"அதையும் பார்த்துடுவோம்," என்றாள் சல்லடை. "என் நாத்தனாருக்கு அளவெடுத்து எழுதுங்க. அப்புறம் உங்க முறைப்படி மூடுங்க."

"என் இடுப்பு எதுக்கு அண்ணி இதுக்குள்ள?"

"தொலைஞ்சா யாருக்கும் நஷ்டமில்லைன்னுதான்."

அளவு ஏறியது. மாஸ்டர் மிக மரியாதையாகப் புரோகிராமை மூடினார். நான்கைந்து விநாடி திரை சும்மா இருந்தது. டிங் என்றது. கூடவே இருண்டது. மறுபடி திறந்தார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். நாத்தனாரின் இடுப்பு மட்டும் உலகத்தை விட்டே போயிருந்தது.

"இந்த வாரத்துல எனக்கு நடந்த ஒரே நல்ல விஷயம்," என்றாள் அவள்.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். காதிலிருந்த சாக்கட்டி கீழே விழுந்தது. "ஒழுங்கா மூடினா போகுது, கொன்னா இருக்கு. இதென்ன பேய்?"

"பேயெல்லாம் இல்லை. அதோ ஆணியில தொங்குதே, பேண்ட் யூனிபார்முக்கு நீங்க மாதிரியாத் தைச்ச உடுப்பு, அதைப் போட்டுக்கோங்க. முதல்ல வெயிஸ்ட்கோட். அதுக்குமேல கோட்டு. அதுக்குமேல குறுக்குப் பட்டை."

மாஸ்டர் போட்டுக்கொண்டார். பொத்தான் எல்லாம் கழுத்துவரை. தானே தைத்ததல்லவா, கண்ணாடியில் ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

"இப்போ கழட்டுங்க. போட்ட வரிசையிலேயே. முதல்ல வெயிஸ்ட்கோட்."

மாஸ்டர் முயன்றார். அவர் எதையும் வரிசை தப்பாமல் செய்கிறவர் இல்லையா? கையைக் கோட்டுக்குள் விட்டார். முழங்கை மாட்டிக்கொண்டது. இன்னொரு கையைக் கீழேயிருந்து விட்டார். வெயிஸ்ட்கோட் கழுத்துவரை ஏறி முகத்தை மூடியது. குறுக்குப் பட்டை காதில் சுற்றிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாராவது கோட்டு மேல இருக்கறப்போ உள்ளே இருக்கறதைக் கழட்டுவாங்களா? கடைசியாப் போட்டதைத்தான் முதல்ல..."

குரல் நின்றது.

நாத்தனார் கவலையோடு ஒரு பொத்தானைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். மாஸ்டரின் ஒரு கண் இவளைத் திருதிருவென்று பார்த்தது.

"அம்மா," என்றது கோட்டு, சின்னக் குரலில். "எனக்கு என் அக்கா பொண்ணுகிட்ட பேசணும்."

போனை சத்தமாக வைத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"சொல்லுங்க மாமா, ஏன் குரல் போர்வைக்குள்ளேருந்து வருது?"

"அது இருக்கட்டும்மா. போகும்போது செய்ய வேண்டியதுன்னு ஒரு வரிசை வெச்சிருந்தியே..."

"அதைத் தொட்டீங்களா?" அந்தப் பக்கத்துக் குரல் கூராகிவிட்டது. "மாமா, அதைத் தொட்டீங்களா?"

"போன ஞாயித்துக்கிழமை கடை லீவு. சும்மா உட்கார்ந்திருந்தேன். துடை, ஏற்று, மணி அடின்னு தலைகீழா இருந்துது. மணி அடி, ஏற்று, துடைன்னு கம்ப்யூட்டர்லயே லேசா நேர் பண்ணினேன்."

"ஐயோ மாமா! காலையில திறந்ததும் அந்தப் புரோகிராம் ஒவ்வொரு வேலையாப் பதிஞ்சு வெச்சுக்கும். போறப்போ கடைசியாப் பதிஞ்சதுலேருந்து ஆரம்பிச்சுப் பின்னாலேருந்து முன்னால வரும். அது வழக்கமே அப்படித்தான். நான் எழுதினபடி இருந்தா முதல்ல மணி, அப்புறம் ஏத்தறது, கடைசியிலதான் துடைக்கறது. நீங்க நேர் பண்ணினதால முதல்ல துடைச்சுட்டு, காலிச் சீட்டை மெனக்கெட்டுப் புத்தகத்துல ஏத்திட்டு, அதுக்கு மணி வேற அடிக்குது!"

பொத்தான் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ நான் மெதுவாகலை!"

"அப்போ பிளக்கைப் பிடுங்கினா மட்டும் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் நாத்தனார்.

"பிடுங்கினா அது செத்துப்போச்சுங்க. சாகறவங்க வீட்டைப் பெருக்கிட்டுத்தான் சாவாங்களா? போகும்போது செய்ய வேண்டியது எதையும் செய்யாது. துடைக்கவும் துடைக்காது. சீட்டு அப்படியே கிடக்கும். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு, அடுத்த தடவை திறந்ததும் மிச்சத்தைப் புத்தகத்துல ஏத்திக்கற மாதிரி எழுதியிருந்தேன். நல்ல காலம், யாரோ புண்ணியவதி பிடுங்கியிருக்காங்க. யாருங்க அது?"

எல்லோரும் இஸ்திரி அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் அண்ணியைத் தனியாக ஓரம் கட்டினாள். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"விசைப்பலகையில நீலப் பொடி இருந்துது. இஸ்திரிக்காரிக்கும் பொத்தான்காரிக்கும் சாக்கட்டி எதுக்கு? அந்தக் காகிதத்துலயும் அதே நீலம். தப்பா இருக்குன்னு அவருக்குத் தோணினா அவர் கை சும்மா இருக்காதுன்னு அவரே சொன்னாரே. மணி அடிச்சதுமே இருட்டாகுதுன்னு பெரியம்மா சொன்னதும் மிச்சம் விளங்கிடுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா இந்நேரம் தெருக்கோடி வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

இதற்குள் மாஸ்டரைக் கோட்டிலிருந்து விடுவித்தார்கள். கடைசியாகப் போட்ட பட்டையை முதலில் கழற்றினார்கள், நொடியில் வெளியே வந்துவிட்டார். தலைமுடி கலைந்து நின்றது. அதை நேராக்க அவருக்குத் தோன்றவில்லை. அக்கா மகள் போனிலேயே சொல்லச் சொல்ல, வரிசையைப் பழையபடி மாற்றி வைத்தார். நாத்தனாரின் இடுப்பை மறுபடி எழுதி மூடிப் பார்த்தார்கள். இந்தத் தடவை பத்திரமாகப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

மாஸ்டர் இஸ்திரி அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"அது வந்து... நடந்தது நடந்துபோச்சு. திங்கக்கிழமை நீ வழக்கம்போல வந்துடு. பாயிண்ட் தனியாப் போட்டுடறேன்."

இஸ்திரி அக்கா எழுந்தாள். "பாயிண்ட் போடுங்க மாஸ்டர், நல்லது. ஆனா அது மட்டும் போதாது. நேத்து என்னைத் திட்டினது தனியாக் கூப்பிட்டு இல்லை. இந்த ஒன்பது பேர் முன்னாடி. அலட்சியக்காரின்னீங்க, திருடின்னீங்க. நான் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கறப்போ இவங்க ஒவ்வொருத்தரும் அதை நினைச்சுக்கிட்டுதான் வாங்குவாங்க. இவங்ககிட்ட நீங்க சொல்லணும். ஒவ்வொருத்தர்கிட்டயும்."

"ஒன்பது தடவையா?"

"அளவு மட்டும் நாலு தடவை எடுத்தீங்களே."

"சபாஷ்!" என்றாள் நாத்தனார். அண்ணி அவள் காலை மிதித்தாள்.

மாஸ்டர் பெஞ்சைப் பார்த்தார். ஒன்பது பேரும் மடியில் வாத்தியத்தோடு, பரீட்சை வைக்க வந்தவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேண்ட் தலைவரின் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"தப்பு என்னுதுங்க. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை. இந்தக் கடையில இந்த வாரம் ஏதாவது அளவு மிஞ்சியிருந்தா அது அவங்களாலதான் மிஞ்சிச்சு."

மேசைக்கடியிலிருந்து மீட்ட டிரம்மில் டிரம்காரர் ஒரு தட்டுத் தட்டினார். டம்!

அடுத்தவர் முன்னால் போனார். "தப்பு என்னுதுங்க." டம்! கிளாரினெட்காரரிடம் சொன்னபோது அவர் கூச்சத்தில் சிரித்து, மாஸ்டரும் சிரித்து, அழுகை மாதிரி ஏதோ ஒன்று வந்து, இரண்டு பேரும் கைக்குட்டை தேடினார்கள். அதற்கும் ஒரு டம்! ஆறாவது ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவரிடம் மாஸ்டர் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்தினது வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய், போகிற வருகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டார்.

ஒன்பதாவது ஆள் டிரம்காரர். அவர் ஒரு கையால் மாஸ்டரின் கையைக் குலுக்கினார். மறுகையால் நீளமாக ஒரு உருட்டு உருட்டினார். அது ஓய்ந்ததும் எல்லோரும் இஸ்திரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டாள். வக்கீலின் கோட்டு ஒன்று பாதி தேய்த்தபடி கிடந்தது.

"சரி மாஸ்டர்," என்றாள். "திங்கக்கிழமை வரேன். இதை மட்டும் முடிச்சுட்டுப் போறேன், ஈரத்தோட விட்டா சுருக்கம் விழும்."

இவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உழைக்கிற கை ஒவ்வொன்றும் மரியாதையோடு உழைக்கட்டும். அடுத்தவர் தலையில் விழுந்த பழியை இறக்கி வைக்க உங்கள் வாசலில் எப்போதும் ஒரு நாக்கு தயாராக இருக்கட்டும். நீங்கள் சேர்த்து வைத்ததெல்லாம் உங்களிடமே தங்கட்டும். உங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் தப்புச் செய்தால் அதைச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ளும் மனசும், சின்னவர்களுக்கு அதை மறந்துவிடும் மனசும் வரட்டும். பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், வயிறு நிறையச் சாப்பிடுங்கள், நன்றாயிருங்கள்.